பரவாயில்லை என்றால் நாலு

ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீயும் மாமாவும் எப்படி இருக்கிறீர்கள்? போன் இருக்கும்போது கடிதம் எழுதுகிறாளே, இவளுக்கென்ன கிறுக்கா என்று மாமா சிரிப்பார். சிரிக்கட்டும். காலையிலிருந்து சாயங்காலம் வரை காதில் போனை மாட்டிக்கொண்டு பேசுவதுதான் என் வேலை. அறைக்குத் திரும்பியபின் போன் அடித்தால் உடம்பு தூக்கிப்போடுகிறது. நீயும் போனில் பேசும்போது தையல் மெஷினை நிறுத்துவதில்லை. பாதிப் பேச்சு அந்தக் கடகடவில் போய்விடுகிறது. நம் இருவருக்கும் கடிதம்தான் சரி.

வாயில்லாப்பூச்சிக்கு வாயால் பிழைக்கிற வேலையா என்று கேட்டிருந்தாய். எனக்கே ஆச்சரியம்தான். மருத்துவமனையின் ஐந்தாம் மாடியில், ஜன்னல் இல்லாத ஓர் அறையில் நாங்கள் பத்துப் பேர் உட்கார்ந்திருக்கிறோம். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குப் போனவர்களைக் கூப்பிட்டு, "இப்ப எப்படி இருக்கீங்க?" என்று கேட்க வேண்டும். பதிலுக்கு ஏற்ப ஒன்றிலிருந்து ஐந்து வரை மார்க். ஒன்று என்றால் மோசம். ஐந்து என்றால் பூரண குணம். அதைச் செலவோடு சேர்த்துப் பார்த்து எந்தக் கிளையில், எந்தச் சிகிச்சையில் நோயாளிக்கு நிஜமான பலன் கிடைத்தது என்று கண்டுபிடிப்பார்கள். எத்தனை ஊசி போட்டோம், எத்தனை படம் எடுத்தோம் என்று கணக்குக் காட்டுவதைவிட இது நேர்மையானது என்று எனக்குத் தோன்றுகிறது. வீட்டுக்குப் போனவரை எப்படி இருக்கிறாய் என்று இதுவரை யார் கேட்டார்கள்?

எங்கள் மேலாளருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் சதவீதம். டீ எப்படி சார் என்று கேட்டால் எண்பது சதவீதம் என்பார். முதல் வாரப் பயிற்சியில் யாருக்காவது சந்தேகம் உண்டா என்றார். நான் கையைத் தூக்கினேன், நம்புவாயா?

"சார், பெரும்பாலும் 'பரவாயில்ல'ன்னுதான் சொல்றாங்க. அதுக்கு எவ்வளவு போடணும்?"

அவர் கூரையைப் பார்த்து யோசித்தார். "பரவாயில்லன்னா நல்லாத்தான இருக்காங்க. நாலு போடுங்க" என்றார். மறுநாளே அது அச்சாகி எல்லா மேஜையிலும் வந்துவிட்டது. இப்போது ஆறு கிளைகளிலும் அதுதான் விதி. உன் தங்கை கேட்ட கேள்வி.

உன் கை மரத்துப்போகிறது, கத்திரி நழுவுகிறது என்று எழுதியிருந்தாயே. தள்ளிப்போடாதே. உன் ஊரிலேயே எங்கள் கிளை இருக்கிறது. மணிக்கட்டில் நரம்பு அமுங்குவதை விடுவிக்கும் சின்ன ஆபரேஷன்தானாம். ஊழியரின் குடும்பத்துக்குச் சலுகை உண்டு. என் பெயரைச் சொன்னால் போதும்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
தங்கை

ஜனவரி 27

வாயில்லாப்பூச்சிக்கு,

நாங்கள் சுகம். நீ வேளைக்குச் சாப்பிடு. கன்னம் ஒட்டிப்போன போட்டோவை இனி அனுப்பாதே.

உன் பெயரைச் சொன்னால் போதும் என்று எழுதியிருந்ததை மாமாவுக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினேன். நம் வீட்டில் யார் பெயரைச் சொல்லி எங்கே எது நடந்திருக்கிறது? ரேஷனில்கூட நம் பெயரைத் தப்பாகத்தானே கூப்பிடுவான். எதிர்வீட்டு மெஸ்காரம்மாவிடமும் சொல்லிவிட்டேன். "உங்க தங்கச்சி டாக்டரா?" என்றாள். "டாக்டருக்கே மார்க் போடுறவ" என்றேன்.

கை விஷயம் நீ சொல்வதுபோலத்தான். ஊசியில் நூல் கோக்கும்போது விரல் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. போன வாரம் ஒரு சட்டைக் காலரைத் தலைகீழாக வைத்துத் தைத்துவிட்டேன். வாங்க வந்தவர் போட்டுப் பார்த்து, "கழுத்தைத் திருப்பிக்கிட்டுதான் நடக்கணும் போல" என்றார். எல்லோரும் சிரித்தோம். அவர் போனபின் எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும். சீருடை தைக்கச் சொல்லி இப்போதே துணியைக் கொண்டுவந்து குவிக்கிறார்கள். அதற்குள் கை சரியானால் போதும். அடுத்த மாதம் போகிறேன்.

உன் பெயரைக் கெடுக்காமல் நடந்துகொள்கிறேன், பயப்படாதே.

அக்கா

மார்ச் 9

தங்கச்சிக்கு,

நலம். நீ நலமா?

ஆபரேஷன் முடிந்தது. காலையில் போனேன், சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நல்ல மரியாதை. உன் பெயரைச் சொன்னதும் நாற்காலி போட்டார்கள். கை பரவாயில்லை. பயிற்சி செய்ய படம் போட்ட தாள் கொடுத்திருக்கிறார்கள். அதைப் பார்த்து அப்படியே வைத்துக்கொள்கிறேன்.

நேற்று ஒரு பெண் போன் செய்தாள். உன்னைப் போலவே பேச்சு, உன் பக்கத்து நாற்காலிக்காரியோ என்னவோ. எப்படி இருக்கீங்க என்றாள். பரவாயில்லம்மா என்றேன்.

பேனா ஒழுகுகிறது. எழுத்துக் கோணலாக இருந்தால் சிரிக்காதே.

அக்கா

மார்ச் 24

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். உன் கை குணமாகிவருவதில் எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? நூல் கோக்க முடிகிறதா? மெஷினில் உட்கார்ந்துவிட்டாயா? அதை எழுதவில்லையே.

இங்கே போன வெள்ளிக்கிழமை கேக் வெட்டினார்கள். கை ஆபரேஷனில் ஆறு கிளைகளிலும் உன் ஊர்க் கிளைக்குத்தான் மதிப்பு அதிகமாம். முன்பெல்லாம் ஆபரேஷனுக்குப்பின் எட்டுத் தடவை வரவழைத்து விரலுக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். இந்த ஜனவரியில் அதை நிறுத்திவிட்டுத் தாள் கொடுக்க ஆரம்பித்தார்கள். செலவு சரிந்துவிட்டது. மார்க் மட்டும் அசையவே இல்லை, அதே நாலு. "அப்ப அந்த எட்டு தடவையும் வீண்தான?" என்று சதவீதம் சார் கையை விரித்துக் கேட்டார். எல்லோரும் தட்டினார்கள். நானும் தட்டினேன்.

திங்கட்கிழமை ஒரு கொத்தனாரிடம் பேசினேன். அவருக்கும் கை ஆபரேஷன்தான். எப்படி இருக்கீங்க என்றேன், பரவாயில்லம்மா என்றார். நாலு போடப் போனேன். பின்னால் ஒரு பாத்திரம் விழும் சத்தம். "இந்த ஆளு கையில எதையும் குடுக்காதன்னு எத்தன வாட்டி சொல்றது" என்று ஒரு பெண் குரல். தாளில் இல்லாத கேள்வியை நான் கேட்டுவிட்டேன்.

"ஐயா, வேலைக்குப் போறீங்களா?"

"எங்க போறது? கரண்டியே பிடிக்க முடியல. சாந்து பூசுற கரணை... அது எங்க நிக்குது கையில."

"அப்ப ஏன் பரவாயில்லன்னு சொன்னீங்க?"

"நீ கேட்ட, அதுக்குச் சொன்னேன். நீ என்னம்மா பண்ணுவ பாவம்."

நாலின்மேல் விரலை வைத்து எடுத்தேன், மறுபடி வைத்து எடுத்தேன். ஒரு அழைப்புக்கு இவ்வளவு நேரமா என்று திரையில் சிவப்பு விளக்கு எரிந்தது. சதவீதம் சார் வந்தார். "என்னம்மா சொன்னார்?" என்றார். பரவாயில்லன்னு சொன்னார் என்றேன். "அப்புறம் என்ன?" என்று அவரே குனிந்து நாலைத் தட்டிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து எனக்குள் ஏதோ பிறாண்டிக்கொண்டே இருக்கிறது. நீயாவது நன்றாக இருக்கிறாய். சீக்கிரம் எழுது. என்ன தைக்கிறாய் என்று எழுது.

தங்கை

மே 14

தங்கச்சிக்கு,

நலம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே.

இங்கே ஒரே மழை. முன்னறைக் கூரை ஒழுகுகிறது. மாமா ஏறி ஓட்டை மாற்றினார். இப்போது வேறு இடத்தில் ஒழுகுகிறது. மெஷின்மேல் தூசி படாமல் துணி போட்டு மூடிவைத்திருக்கிறேன். மெஸ்காரம்மா மகளுக்கு வேலை கிடைத்துவிட்டது. உன்னை விசாரித்தாள்.

கை பரவாயில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

மே 22

அக்கா,

நலமா என்று கேட்கப்போவதில்லை. கேட்டால் நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும்.

மழை பெய்யும் ஊரில் மெஷினுக்கு எப்படித் தூசி படும்? அந்த மெஷினை நீ சாப்பிடும் நேரத்தில்கூட மூடியதில்லையே.

இந்த வருடம் வந்த உன் மூன்று கடிதங்களையும் கட்டிலில் பக்கத்தில் பக்கத்தில் விரித்துவைத்துப் பார்த்தேன். ஜனவரிக் கடிதத்தில் எழுத்து வலப்பக்கம் சாய்ந்து ஓடுகிறது. மார்ச்சிலும் மே மாதத்திலும் ஒவ்வொரு எழுத்தும் கிழக்கும் மேற்குமாக நிற்கிறது. வரி நெடுக நீல மை இழுபட்டிருக்கிறது. பேனா ஒழுகினால் பொட்டுப் பொட்டாகத்தான் விழும். எழுதிய ஈரத்தின்மேலேயே உள்ளங்கை தேய்த்துக்கொண்டு போனால்தான் இப்படி இழுபடும். நீ இடது கையால் எழுதுகிறாய்.

இன்று வேலைக்குப் போனதும் உன் பதிவைத் திறந்து பார்த்தேன். நாலு.

மதியம் கீழே போய்ப் பயிற்சிப் பிரிவின் பிசியோ மேடத்தைப் பார்த்தேன். பயிற்சியை நிறுத்தியபோது நடந்த ஆள் குறைப்பில் தப்பித்தவர் இங்கே அவர் ஒருவர்தான். விரல் மடங்கியே இருந்தால் இறுகிப்போகும், ஆறேழு மாதத்துக்குள் பிரித்துவிட்டால் பெரும்பாலும் வரும், அதற்குப்பின் கஷ்டம் என்றார். பிப்ரவரியில் ஆபரேஷன். உட்கார்ந்து எண்ணிப் பார்.

உண்மையை எழுது.

தங்கை

ஜூன் 2

அடியே,

ஆமாம், இடது கைதான். சின்ன வயதில் நீ இடது கையால் எழுதினால் முதுகில் ஒன்று வைப்பேனே, அந்தப் பாவம் என்று வைத்துக்கொள்.

உண்மைதானே வேண்டும்? அந்தத் தாளில் முதல் படம் மூடிய கை. பக்கத்தில் வளைந்து ஒரு அம்புக்குறி. கீழே பொடி எழுத்தில் இங்கிலீஷ். கையை இப்படி மூடிவைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள் என்று நினைத்தேன். மூடிமூடித் திறக்க வேண்டும் என்று அந்த அம்புக்கு அர்த்தமாம், இப்போது தெரிகிறது. என்னிடம் ஒரு வேலை சொன்னால் அரைகுறையாகச் செய்வேனா? விரல் விலகிவிடக் கூடாதே என்று மெத்தைத் துணியில் உறை வெட்டி, இடது கையால் மெஷினை ஓட்டி, மடங்கிய விரலுக்கு அளவாகத் தைத்துப் போட்டுக்கொண்டேன். அத்தனை கச்சிதம். ஒரு மாதம் கழற்றவில்லை. கழற்றியபோது விரலும் உறை மாதிரியே நின்றது. ஒரே ஒரு ஆள் ஒரே ஒரு தடவை பார்த்து, "என்னம்மா இது, கழட்டு" என்று சொல்லியிருந்தால் போதும்.

சீருடைத் துணியையெல்லாம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஜூன் பிறந்து முன்னறை காலியாகக் கிடப்பதை இப்போதுதான் பார்க்கிறேன்.

போனில் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். உன் பெயரைச் சொல்லிப் படுத்த ஆபரேஷன். கேட்டவள் உன் பக்கத்து நாற்காலிக்காரி என்று நினைத்தேன். குறை சொன்னால் யார் தலையில் விடியும்? நம் வீட்டிலிருந்து ஒருத்தி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள், அதை நான் ஆட்டுவேனா?

ஆனால் பரவாயில்லைக்கு நாலு மார்க்காடி? பஸ்ஸில் ஒருத்தன் பூட்ஸ் காலால் மிதித்துவிட்டு மன்னிச்சுக்கங்க என்கிறான். பரவாயில்லை என்கிறோம். அதற்குக் கால் வலிக்கவில்லை என்றா அர்த்தம்? நீ போ, உன்னால் ஒன்றும் ஆகாது என்று அர்த்தம். பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியுமே. நீ தமிழ்தானே பேசுகிறாய்? அவரைப் போய் எத்தனை போடணும் என்று கேட்டாயே, நீயே சொல்லியிருக்கலாமே.

மாமா சொன்னார், இதையெல்லாம் எழுதாதே, பிள்ளை தவித்துப்போவாள் என்று. தவிக்கட்டும்.

அக்கா

ஜூன் 13

அக்கா,

உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று சொல்லமாட்டேன். நீ திட்டியதில் ஒரு சொல்கூட அதிகமில்லை.

நேற்று சதவீதம் சாரின் அறைக்குப் போனேன். கதவருகிலேயே நின்றேன். உட்காருங்க என்றார், உட்காரவில்லை. உட்கார்ந்தால் என் குரல் வெளியே வராது.

"சார், பரவாயில்லன்னா நல்லா இருக்குன்னு அர்த்தம் இல்ல."

"பேஷண்ட் சொன்னதைத்தானம்மா போடுறோம். நாமளா எழுதுறோம்?"

"பரவாயில்லன்னு அவங்க சொல்றாங்க. நாலுன்னு நாம சொல்றோம்."

பேனாவைக் கீழே வைத்தார். உன் கதையைச் சொன்னேன், அக்கா என்று சொல்லாமல், ஒரு தையல்காரர் என்று. கேட்கும் கேள்வியை மாற்றலாம் சார், "முன்னாடி செஞ்ச வேலையை இப்ப செய்யறீங்களா?" என்று ஒன்றே ஒன்று போதும் என்றேன்.

"ஒரு கேள்வி கூடினா ஒவ்வொரு காலுக்கும் நேரம் கூடும். ஆறு கிளை. அந்தச் செலவை எதுல காட்டுறது? ஒரு தையல்காரரை வெச்சு முடிவெடுக்க முடியுமா? உணர்ச்சிவசப்படாதீங்க."

"அந்த ஒருத்தருக்கு அது ஒரு கை சார்."

அவர் கெட்டவர் இல்லை அக்கா. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். மிகப் பொறுமையாகக் கணினியைத் திருப்பிக் காட்டினார். "பாருங்க, நானே விதி போட்டிருக்கேன். ஒண்ணோ ரெண்டோ வாங்கினா பயிற்சிக்கு எட்டு சீட்டு தானா வந்துரும். எந்த மேனேஜரும் நிறுத்த முடியாது, நான்கூட. தேவைப்படுறவங்களுக்குக் கதவு திறந்துதான் இருக்கு. இந்த வருஷம் ஒருத்தர்கூட ரெண்டு வாங்கலையே, நான் என்ன செய்யறது?"

போட்ட மார்க்கை இனித் திருத்த முடியாதாம். ஆறாம் மாதம் இன்னொரு அழைப்பு போகும். உனக்கு அது ஆகஸ்டில். அதுவரை காத்திருக்காதே. பிசியோ மேடம் தன் சாப்பாட்டு நேரத்தில் உன்னைப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். புறப்பட்டு வா. என் அறையில் இரண்டு பேர் படுக்கலாம்.

தங்கை

ஜூலை 1

தங்கச்சிக்கு,

வரமாட்டேன். உன் தயவில் ஒரு தடவை படுத்ததால்தான் வாயை மூடிக்கொண்டு கிடந்தேன். மறுபடியும் உன் தயவில் பின்வாசல் வழியாக வந்தால் மறுபடியும் வாயை மூட வேண்டும்.

ஆனால் அந்த மேடத்துக்கு நன்றி சொல். நீ தனித்தாளில் எழுதியனுப்பியபடி வெந்நீரில் விரலை நனைத்து ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கிறேன். உயிர் போகிறது. கட்டைவிரல் கொஞ்சம் அசைகிறது. மற்றதெல்லாம் அசையவில்லை. ஆள் பிடித்துச் செய்ய வேண்டியது என்று தெரிகிறது.

நம் கிளைக்கே போனேன். கவுண்டரில் ஒரு பெண். கையை நீட்டிக் காட்டினேன்.

"உங்க ஸ்கோர் நாலு இருக்கு மேடம். நாலுக்குப் பயிற்சி வராது."

"ஸ்கோர் கிடக்கட்டும், கையைப் பாரும்மா."

"நான் பாத்து என்ன மேடம் பண்றது? ஸ்கிரீன்ல நல்லாயிடுச்சுன்னு காட்டுதே."

"அப்ப எனக்கு ஒண்ணும் இல்லங்கற?"

"ஸ்கிரீன்படி ஒண்ணும் இல்ல மேடம்."

"சரி, அந்த ஸ்கிரீனைக் கூட்டிட்டுப் போறேன். வீட்ல சட்டை ஒண்ணு தைக்கணும்."

பின்னால் பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். யாரென்று திரும்பிப் பார்த்தால் எல்லோரும் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். பேக்கரியில் மாவு பிசைகிறவர், பஸ் மெக்கானிக், ஒரு டீச்சரம்மா, வீட்டு வேலைக்குப் போகிற இரண்டு பேர். ஆளாளுக்குக் கையில் அந்தத் தாள். உங்களுக்கு எவ்வளவு என்று கேட்டேன். எவ்வளவுன்னா என்னங்க என்றார்கள். கவுண்டர் பெண்ணைப் பார்த்துச் சொல்லவைத்தோம், எல்லோருக்கும் நாலு. அதுவரை ஒருத்தருக்கும் தெரியாது.

கேண்டீனில் உட்காரவைத்து நீ எழுதியதைச் சொன்னேன். பேக்கரிக்காரர் மேஜையை இடது கையால் குத்தினார். "மரியாதைக்குச் சொன்னதையா மார்க் ஆக்கினானுங்க?" என்று கேட்டார். அவர்கள் தெரிந்தவர்களுக்குச் சொல்கிறார்கள். நான் யாரையும் பொய் சொல்லச் சொல்லவில்லை. அந்த ஒரு வார்த்தையை வீட்டில் வைத்துவிட்டு மிச்சத்தைப் பேசுங்கள் என்றேன், அவ்வளவுதான்.

ஆகஸ்டு வரட்டும்.

அக்கா

ஆகஸ்ட் 29

அக்காவுக்கு,

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். பாதி உனக்குத் தெரியும், மீதியைக் கேள்.

உன் கிளையின் ஆறாம் மாத அழைப்புகளை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். முதலில் பேக்கரிக்காரர். எப்படி இருக்கீங்க என்று கேட்கத் தொடங்குமுன்பே, "எழுதிக்கம்மா, மாவு பிசைய முடியல, தட்டு தூக்க முடியல, ஒண்ணு போடு" என்றார். அடுத்து மெக்கானிக். "ஸ்பேனர் பிடிக்க வரல. ஒண்ணு." வீட்டு வேலை செய்யும் அம்மா ஒருவர், "துணி பிழிய முடியல. ஒண்ணுன்னா மோசம்தான? அதையே போடும்மா, கூச்சப்படாத" என்று எனக்குத் தைரியம் சொன்னார். டீச்சரம்மா மட்டும், "எனக்கு நிஜமாவே சரியாயிடுச்சு, சாக்பீஸ் பிடிக்கறேன். அஞ்சு போடுங்க. மத்தவங்க சொல்றது சத்தியம், அதையும் போடுங்க" என்றார். பக்கத்து நாற்காலிகளிலும் அதே கதை. ஒருத்தி ஹெட்போனைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

பிறகு உன் நம்பர். நீ எடுத்தாய். உன் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. எத்தனை வருடமாக உன்னோடு போனில் பேசியிருக்கிறேன், மெஷின் சத்தம் இல்லாமல் உன் குரலைக் கேட்டதே இல்லை. அந்த அமைதியைக் கேட்டபோதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது.

"வணக்கம், ஆஸ்பத்திரியிலருந்து பேசறோம். இப்ப எப்படி இருக்கீங்க?"

"பரவாயில்லன்னு சொல்லமாட்டேன். பரவா இருக்கு. நிறைய இருக்கு. ஊசி பிடிக்க முடியல. கத்திரி பிடிக்க முடியல. சட்டைப் பொத்தானை வீட்டுக்காரர்தான் போட்டு விடறார். எழுதிட்டியாம்மா?"

"எழுதிட்டேங்க."

"எவ்வளவு?"

"ஒண்ணு."

"நல்லா இரு" என்று வைத்துவிட்டாய்.

சாயங்காலம் சதவீதம் சார் வந்தார். அவர் முகத்தில் எத்தனை சதவீதம் ரத்தம் இருந்தது என்று தெரியவில்லை. "ஒரே கிளையில ஒரே வாரத்துல இத்தனை ஒண்ணா? யாரோ சொல்லிக் கொடுத்திருக்காங்க."

நான் எழுந்து நின்றேன். "ஆமா சார். பரவாயில்லன்னா நாலுன்னு நாம அவங்களுக்குச் சொல்லவே இல்ல. நான் சொன்னேன்."

"இது தப்பான டேட்டா. எடுத்துடலாம்."

"சீட்டு போயிடுச்சு சார். நிறுத்த முடியாதுன்னு நீங்கதான் சொன்னீங்க."

அறை மூலையில் அச்சு இயந்திரம் ஓடிக்கொண்டே இருந்தது. ஆளுக்கு எட்டுச் சீட்டு. எங்கள் பத்துப் பேரில் ஒருவரும் அன்று அதற்குத் தாள் தீர்ந்துவிட விடவில்லை.

மறுநாள் எல்லா மேஜையிலும் புது விதி வந்தது. என்ன தெரியுமா? பரவாயில்லை என்றால் இனி மூன்று. ஒரு மார்க்கைக் குறைத்துவிட்டால் தீர்ந்தது என்று நினைக்கிறார்கள். கேள்வி அதே கேள்விதான்.

எனக்கு மாற்றல். வாகன நிறுத்தத்தில் டோக்கன் கொடுக்கும் கூண்டு. நாற்காலி போயிற்று என்று மாமாவிடம் சொல், இங்கே ஸ்டூல்தான். ஆனால் ஜன்னல் இருக்கிறது. வெளியே போகிற எல்லோரும் என்னைத் தாண்டித்தான் போக வேண்டும். நேற்று கையில் கட்டோடு ஒருவர் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து போனார். நிறுத்தி, அந்தத் தாளை வாங்கி, அம்புக்குறிக்கு என்ன அர்த்தம் என்று சொல்லி அனுப்பினேன். பின்னால் நாலு வண்டி ஹாரன் அடித்தது. அடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பயிற்சிக்குப் போனாயா? விரல் எப்படி? முழுசாக எழுது.

தங்கை

நவம்பர் 18

தங்கச்சிக்கு,

இது வலது கை. பத்து வரிக்கு மேல் ஓடாது, அதனால் விசாரிப்பெல்லாம் நீயே போட்டுப் படித்துக்கொள்.

எட்டுத் தடவையும் போனேன். மூன்று விரல் வந்துவிட்டது. கடைசி இரண்டும் வராதாம், நாள் கடந்துவிட்டதாம். பயிற்சி கொடுத்த பெண் எங்களில் பாதிப் பேரிடம் அதையே சொன்னாள், தலையைக் குனிந்துகொண்டு. பேக்கரிக்காரருக்கு முழுசாக வந்துவிட்டது. நீ மார்ச்சில் பேசிய அந்தக் கொத்தனாரை எங்கேயாவது தேடிப் பிடித்து இதைச் சொல். எனக்குக் கோபம் ஆறவில்லை. ஆறவும் வேண்டாம்.

இனிமேல் நலமா என்று கடிதத்தில் கேட்காதே. நானும் நலம் என்று எழுதமாட்டேன். என்ன தைத்தாய் என்று கேள்.

இன்று ஒரு பொத்தான் தைத்தேன். மாமா மாட்டிப் பார்த்தார், கையோடு வந்துவிட்டது. நாளைக்கு மறுபடி தைப்பேன்.

அக்கா